செயின்ட் பால்ஸ் பள்ளியும் 153 மீன்களும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் மில்டன் பற்றிய கட்டுரையில் அவர் படித்த லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். லத்தீன் இலக்கணம் கற்பித்த இங்கிலாந்தின் பழைய கிராமர் ஸ்கூல்கள் எல்லாம் பிரபுக்களின் பிள்ளைகளுக்காகத் தேவாலயம் நடத்தியவை என்று நினைத்திருந்தேன். மில்டனின் அப்பாவோ பத்திரம் எழுதுபவர். அவர் மகன் எப்படி அங்கே சேர்ந்தார்? ஒரு பள்ளி எப்படி 500 வருடம் தாக்குப்பிடிக்கிறது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மில்டன் மட்டுமல்ல, தையல்காரர் மகனான, நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பெப்பிஸும் அங்கே படித்தவர்தான். இதற்கெல்லாம் காரணம் பள்ளியை நிறுவிய ஜான் காலெட். செயின்ட் பால் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைப் பாதிரியார். அவருடைய அப்பா துணி வணிகர், இரண்டு முறை லண்டன் மேயராக இருந்தவர். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் இறந்துவிட, சொத்து இவருக்கு வந்தது. அதைக் கொண்டு 1509-ல் பேராலயத்தை ஒட்டியே பள்ளியைத் தொடங்கினார்.

ஆனால் நிர்வாகத்தைத் தன் சக பாதிரியார்களிடம் கொடுக்கவில்லை. பிரபுக்களிடமும் கொடுக்கவில்லை. மெர்சர்ஸ் கம்பெனி என்ற துணி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தார். மனித காரியங்களில் எதுவும் நிச்சயமில்லை, ஆனாலும் மனைவி மக்களோடு நல்ல பெயரெடுத்து வாழ்கிறவர்களிடம்தான் ஊழல் குறைவு என்று அவர் கருதியதாக அவர் நண்பரான அறிஞர் எராஸ்மஸ் எழுதியிருக்கிறார். ஒரு பாதிரியார் எடுத்த முடிவு இது! எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது இங்கேதான்.

153 பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி. பைபிளின் யோவான் சுவிசேஷத்தில் இயேசுவின் சீடர் பேதுரு கரைக்கு இழுத்த வலையில் இருந்த மீன்கள் 153, அந்தக் கணக்கு. இன்றும் அப்பள்ளியில் ஸ்காலர்களாகத் தேர்வாகும் மாணவர்கள் வெள்ளி மீன் சின்னம் அணிகிறார்கள். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சேரலாம் என்று விதி இருந்தது. ஆனால் முன்பே எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். அதனால் பரம ஏழைகளுக்கு அது எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

காலெட் எழுதிவைத்த விதிகளைப் படிக்கப் படிக்க அலுக்காது. காலை 7 மணிக்குப் பள்ளி, 11-க்கு இடைவேளை, மறுபடி 1 முதல் 5 வரை. மெழுகுவர்த்தியைப் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும், கொழுப்பில் செய்த மலிவான வர்த்தி கூடாது. சேவல் சண்டை கூடாது. பெயர் பதிய 4 பென்ஸ் கட்ட வேண்டும். அந்தப் பணம் பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஏழை மாணவனுக்கு. தலைமை ஆசிரியர் தன் இஷ்டத்துக்கு விடுமுறை விட்டால் ஒவ்வொரு முறையும் 40 ஷில்லிங் அபராதம். மன்னரோ பேராயரோ பிஷப்போ நேரில் வந்து கேட்டால் மட்டும் விலக்கு.

இத்தனை கறாராக எழுதியவர், காலத்துக்கு ஏற்ப இவற்றில் சேர்க்கவும் நீக்கவும் மெர்சர்ஸ் கம்பெனிக்கு உரிமையும் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில். இதற்கு மாறாக லீட்ஸ் நகரத்துக் கிராமர் ஸ்கூலைப் பாருங்கள். வணிகர்கள் நிறைந்த ஊர். பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் சொல்லித்தர நினைத்தார்கள். 1805-ல் நீதிபதி எல்டன் பிரபு, அறக்கட்டளைப் பணம் லத்தீன், கிரேக்கம் கற்பிக்கத் தரப்பட்டது, அதை வேறு மொழிகளுக்குத் திருப்ப முடியாது என்றார். இதுபோன்ற பள்ளிகளின் பாடங்களை விரிவாக்க 1840-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

செயின்ட் பால்ஸ் 1666 பெருந்தீயில் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1884-ல் ஹாமர்ஸ்மித், 1968-ல் தேம்ஸுக்கு அக்கரையில் பார்ன்ஸ் என்று இடமும் மாறியது. மெர்சர்ஸ் கம்பெனியோடு உள்ள உறவு மட்டும் விட்டுப்போகவில்லை.

ஆனால் இன்று அது பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. வசதியில்லாத சிலருக்கு உதவித்தொகை உண்டு என்பது உண்மைதான், எனக்கு அது போதவில்லை. காலெட் மாற்றிக்கொள்ளச் சொன்ன விதிகளில் இலவசக் கல்வியும் அடக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.