பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை. நோட்டீஸ் மட்டும் எனக்கா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு விநியோகஸ்தர் போடும் தேங்காய் எண்ணெய் பாக்கெட்டுகளை விற்றுவந்தேன். உணவு பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனார். இப்போது ‘தரம் குறைந்தது, தப்புக் குறியீடு (லேபிள் தவறு)’ என்று ஆய்வறிக்கை வந்துள்ளது. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், முழுக்க உறைந்தது. நல்ல எண்ணெய் என்றுதான் நம்பினேன். விநியோகஸ்தரின் ஆள், “கொஞ்சம் செலவு பண்ணினால் முடித்துத் தருகிறேன்” என்கிறார். என்ன செய்ய?

பதில்: அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் சகோதரி. சில்லறை வியாபாரிகளின் வழக்கைச் சமரசமாக முடிக்க உணவு பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 69-ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது. அதை அதிகாரம் பெற்ற அலுவலர்தான் செய்ய முடியும். கட்டும் பணத்துக்கு ரசீதும் உண்டு.

நீங்கள் அனுப்பிய அறிக்கை நகலைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு (நிறைவுறாக் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 7.5-லிருந்து 10-க்குள் இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் 16. பாம் கெர்னல் எண்ணெய், அதாவது எண்ணெய்ப் பனை விதைப் பருப்பின் எண்ணெய் கலந்தால் இப்படி ஏறும். அதுவும் குளிரில் உறைந்துவிடும் என்பதால் ஃபிரிட்ஜ் சோதனையில் உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. அறிக்கை கையில் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து, அவரிடம் உள்ள மாதிரியின் இன்னொரு பகுதியை மறு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் 10 எங்கே, 16 எங்கே? இவ்வளவு வித்தியாசம் மறு ஆய்வில் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செலவை விட்டுவிட்டு பில்களைத் தேடுங்கள்.

உங்களைக் காப்பாற்றப்போவது பில்தான். விற்பனையாளருக்குச் சரக்கு கொடுப்பவர் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது பிரிவு 26(4). அவர் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். அடுத்து 27-ஆம் பிரிவு. கடைக்காரர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று அது தனியாகச் சொல்கிறது: காலாவதியான பொருள், சுகாதாரமில்லாமல் வைத்தது, தப்புக் குறியீடு, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாதது, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியது. ‘தரம் குறைந்தது’ அந்த வரிசையில் இல்லை. பாக்கெட்டுக்குள் நடந்த கலப்படத்துக்குத் தயாரித்தவரும் விநியோகித்தவரும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இதை வைத்து வாதாடலாம். தரக்குறைவுக்கு அபராதம் சொல்லும் 51-ஆம் பிரிவு விற்றவரையும் சேர்த்தே பேசுவதால் எதிர்வாதம் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

தப்புக் குறியீடு விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்ல முடியாது. அயோடின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாது, லேபிள் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் பேட்ச் எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. உரிம எண்ணில் 14 இலக்கத்துக்குப் பதில் 13 தான் இருக்கிறது. சரக்கு இறக்கும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும். இதற்கு 3 லட்சம் ரூபாய் வரையும், தரக்குறைவுக்கு 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆனால் தொகையை முடிவு செய்யும்போது தெரியாமல் நடந்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா, எவ்வளவு லாபம் கிடைத்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறது 49-ஆம் பிரிவு. இது முதல் தடவை என்பதையும், பாக்கெட்டுக்கு உங்களுக்குக் கிடைத்த சொற்ப லாபத்தையும் எழுத்தில் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள பாக்கெட்டுகளை விற்காதீர்கள், கொட்டாதீர்கள், விநியோகஸ்தரிடம் திருப்பியும் கொடுக்காதீர்கள். தனியே கட்டி வைத்து, எத்தனை இருக்கிறது என்று அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். பில் நகல்களையும் இணைத்து, தயாரித்தவரையும் விநியோகஸ்தரையும் வழக்கில் சேர்க்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். கஞ்சிக்கும் பயறுக்கும், மீன் பொரிக்கவும், ஏத்தங்காய் வறுக்கவும் தேங்காய் எண்ணெயே ஊற்றும் ஊர் நம்முடையது. கலந்தவன் தப்பித்துப் போனால் நாளை வேறு பெயர் ஒட்டி அதே எண்ணெயை அடுத்த கடையில் இறக்குவான்.

விசாரணை நாகர்கோவிலில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு நடக்கும். பயந்துகொண்டு விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அபராதத்தைக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள், கட்டும்வரை கடை உரிமமும் நிறுத்தி வைக்கப்படும். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.