நடு மேடையிலேயே காய் நறுக்கலாமா?

கேள்வி: எங்கள் புது வீட்டுச் சமையலறை 10 அடி அகலம், 12 அடி நீளம். நீளச் சுவரை ஒட்டி 2 அடி அகல கிரானைட் மேடை இருக்கிறது. நடுவில் மர ஐலண்ட் (சுவரை ஒட்டாத தனி மேடை) போட்டு அதன் மேலேயே காய் நறுக்க ஆசை. ஒரு கடையில் பாலிஷ் போட்ட தேக்கு மேடை, இன்னொன்றில் சக்கரம் வைத்த ரப்பர் மர மேடை. எதை வாங்கலாம்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தேக்கு மேடையை வாங்கலாம், ஆனால் அதன் மேல் கத்தியை வைக்காதீர்கள். பாலிஷ் மரத்தின் மேல் படிந்த மெல்லிய ஏடு. கீறிய இடத்தில் தண்ணீர் இறங்கும். ஏடு உரிந்து காயோடு சேரும். தேக்கில் மணலில் இருக்கும் சிலிக்கா உண்டு, கத்தி சீக்கிரம் மழுங்கும். ரப்பர் மரம் விலை குறைவுதான். ஈரம் தேங்கினால் பூசணம் பிடிக்கும். சக்கரத்துக்குப் பூட்டு இல்லையென்றால் பூசணிக்காயைப் பிளக்கும்போது மேடையே நகரும்.

வெட்டும் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை இறைச்சிக் கடையில் பாருங்கள். அங்கே கிடப்பது புளிய மரத்தைக் குறுக்கே அறுத்த கட்டை. அதில் நார்கள் தூரிகை மயிர் போல மேல்நோக்கி நிற்கும். கத்தி அவற்றின் இடையே இறங்கி வெளியே வந்துவிடும். கீறலும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நீளவாக்கில் அறுத்த பலகையிலோ ஒவ்வொரு வெட்டும் நாரையே அறுக்கிறது. மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஆகவே, தச்சரிடம் தனியாக ஒரு வெட்டுக்கட்டை செய்யச் சொல்லுங்கள். 16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன் போதும். அதற்கு மேல் போனால் தூக்கிக் கழுவக் கனக்கும். முழு வட்டக் கட்டை காயும்போது வெடிக்கும் என்பதால், நன்றாக உலர்ந்த புளிய மரத் துண்டுகளை, நார் மேல்நோக்கி நிற்கும்படி, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டியதாக இருக்கட்டும். வார்னிஷ் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும், வேறு மருந்து கலக்காத லிக்விட் பாரஃபினை மாதம் ஒருமுறை தடவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். கழுவியதும் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். மீனுக்கும் இறைச்சிக்கும் வேறு பலகை கட்டாயம்.

இட அளவு: கிரானைட் மேடை போக உங்களுக்கு 8 அடி மிஞ்சுகிறது. 2 அடி அகல ஐலண்டை, அடுப்புப் பக்கம் மூன்றரை அடியும் மறுபக்கம் இரண்டரை அடியும் விட்டுப் போடுங்கள். ஃபிரிட்ஜ் மறுபக்கம் வருமானால் அதன் கதவு முழுதாகத் திறக்குமா என்று முதலில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள்.

உயரத்துக்குக் கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். கையை மடக்கி நில்லுங்கள். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே கட்டையின் மேற்பரப்பு வர வேண்டும். கட்டையின் 2 அங்குலத்தைக் கழித்துத்தான் மேடை உயரம். தினமும் நறுக்குபவர் யாரோ, அவருடைய முழங்கைதான் கணக்கு.

கடைசியாக, மேல்பலகையைச் சட்டத்தோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். ஸ்க்ரூத் துளைகள் நீளமாக, பலகை அசைய இடம் விட்டு இருந்தால் வாங்குங்கள். இறுக்கி ஒட்டியிருந்தால் விரிசல் விடும்.