செவிலியர் படிப்புக்கு முன் எந்தப் புத்தகம்?

வணக்கம் மேடம்,

இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குச் செவிலியர் படிப்பு தொடங்குகிறது. அதற்குள் கொஞ்சம் படித்துவைக்க ஆசை. தெரிந்த அக்கா ஒருவர் தந்த பட்டியலில் பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. வினா வங்கி, மருந்துக் கையேடு எல்லாம் அதில் உண்டு. இன்னொருவர் தன் பழைய பதிப்புகளைத் தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

ம.

அன்புள்ள ம.,

பன்னிரண்டும் வேண்டாம். இப்போது இரண்டு போதும்: உடற்கூறியலும் (உடலின் அமைப்பு) உடலியங்கியலும் (அது இயங்கும் விதம்) சேர்ந்த நூல் ஒன்று, மருந்தளவுக் கணக்குக்கான பயிற்சி நூல் ஒன்று. மற்றவற்றைக் கல்லூரி தரும் பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

உடலியங்கியல் நூலை அட்டையையும் பருமனையும் பார்த்து எடுக்காதீர்கள். கிடைக்கும் இரண்டு மூன்று நூல்களில் ஒரே கேள்விக்கு விடை தேடுங்கள்: ரத்தம் இழந்தவருக்கு நாடித்துடிப்பு ஏன் கூடுகிறது? சில நூல்கள் 'நாடி வேகமாகும், தோல் குளிரும்' என்று அறிகுறிகளை வரிசையாகச் சொல்லி நிறுத்திவிடும். நல்ல நூல் காரணத்துக்குள் போகும். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் ரத்த அழுத்தம் இறங்குவதை உணர்கின்றன. மூளையின் அடிப்பகுதியான முகுளம், இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் கை கால் சில்லிட்டு வெளுக்கிறது. இப்படி ஈடுகட்டுவதால், ரத்தக்கசிவின் தொடக்கத்தில் அழுத்த அளவு இயல்பாகவே இருக்கலாம், நாடி மட்டும் ஏறியிருக்கும். இந்தத் தொடர்பு புரிந்தவருக்கு நாடி 120 என்பது வெறும் எண்ணாகத் தெரியாது. உடனே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டிய செய்தி என்று தெரியும். இதை விளக்கும் நூல் எதுவோ அதை எடுங்கள்.

இந்த ஒரு நூல் பழைய பதிப்பாக இருந்தால் குறையில்லை. சிறுநீரகத்தின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. ஆனால் மருந்துக் கையேட்டையும் செய்முறை நூல்களையும் பழையதாக வாங்கக்கூடாது. உதாரணத்துக்கு இதய நுரையீரல் மீட்பு முறை (சி.பி.ஆர்.): 2010 வரை மூச்சுப்பாதை, மூச்சு, மார்பழுத்தம் என்று இருந்த வரிசை, அந்த ஆண்டு வந்த வழிகாட்டுதல்களில் மார்பழுத்தத்தை முதலில் வைத்து மாறியது. அதற்கு முந்தைய நூலைப் படித்தால் தவறான வரிசைதான் மனதில் பதியும். அதை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

அடுத்து, கணக்கு நூல். விடையை மட்டும் கடைசிப் பக்கத்தில் தரும் நூல் உதவாது. ஒவ்வொரு கணக்குக்கும் படிகள் இருக்க வேண்டும். அலகு மாற்றும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். டிஜாக்சின் என்ற இதய மருந்து 0.25 மி.கி. தர வேண்டும், கையில் இருப்பது 125 மைக்ரோகிராம் மாத்திரை. 1 மி.கி. 1000 மைக்ரோகிராம், ஆக 250 மைக்ரோகிராம், இரண்டு மாத்திரை. ஒரு சுழியம் கூடினால் இருபது மாத்திரை என்று விடை வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். அதற்காகவே, கணக்கைப் போடும் முன் விடையைத் தோராயமாக ஊகிக்கச் சொல்லித்தரும் நூலைத் தேடுங்கள்.

சொட்டு வேகக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், சொட்டு ஏற்றும் குழாய் (செட்) மி.லி.க்கு 20 சொட்டு விடும் என்றால், 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தால் 2500 வரும். 10, 15, 20, 60 சொட்டு செட்டுகள் நான்குக்கும் பயிற்சி இருக்கிறதா, உடல் எடையை வைத்துக் குழந்தைகளுக்கு அளவு கணக்கிடும் பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். .5 மி.கி., 1.0 மி.கி. என்றெல்லாம் அச்சிட்டிருந்தால் அந்த நூலை வாங்காமல் வைத்துவிடுங்கள். முதலாவதில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 5 ஆகும், இரண்டாவது 10 ஆகும். 0.5, 1 என்று எழுதுவதே பாதுகாப்பு.

மருத்துவச் சொற்களுக்குத் தனி நூல் தேவையில்லை. படிக்கும்போது எதிர்ப்படும் முன்னொட்டு, பின்னொட்டுகளை நீங்களே சிறு அட்டைகளில் எழுதுங்கள். விற்கும் அட்டைகளை வாங்கினால் எழுதும்போது கிடைக்கும் பயிற்சி போய்விடும். டிஸ்பேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்பேசியா பேச்சில் சிரமம். இப்படிக் குழப்பும் இணைகளை ஒரே அட்டையில் எழுதுங்கள்.

வினா வங்கி இப்போது வேண்டவே வேண்டாம். பாடம் தெரியாமல் அதைத் திறந்தால் ஏ, பி, சி என்ற விடை எழுத்துதான் நினைவில் நிற்கும், காரணம் நிற்காது. சீனியர்களின் கையெழுத்துக் குறிப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் எதை அழுத்திச் சொல்கிறார்கள் என்று அவை காட்டும். ஆனால் அவற்றிலுள்ள எண்களை நூலோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள், பிரதி எடுக்கும்போது பிழை சேரும். ஸ்டெதஸ்கோப்பும் கல்லூரிப் பட்டியல் வரும்வரை பொறுக்கலாம்.

இரண்டு மாதத்தில் முழு நூலையும் முடிக்க முயல வேண்டாம். இதயமும் ரத்த ஓட்டமும், நுரையீரல், சிறுநீரகம், உடல் திரவங்களும் உப்புகளும் என்ற வரிசையில் நான்கு பகுதிகளை மட்டும் எடுங்கள். நாளுக்கு ஐந்து கணக்கு போடுங்கள், கால்குலேட்டர் இல்லாமல்.

அன்புடன்.