இருமலே இல்லை, அப்புறம் இதயத்துக்கு என்ன வந்தது?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. சிகரெட்டைத் தொட்டதில்லை. இரண்டு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்ன டாக்டர், “மெயின் ரோடு ஓரமாக மட்டும் வேண்டாம், வண்டிப் புகை ஆகாது” என்றார். இவரோ, “புகை போவது நுரையீரலுக்கு. எனக்கு ஒரு இருமல்கூட இல்லை. இதயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டு அதே ரோட்டில்தான் நடக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான். புகை என்றாலே சளி, இருமல், ஆஸ்துமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வெளிக்காற்று மாசால் 2019இல் உலகம் முழுக்க சுமார் 42 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 100க்கு 68 பேர் இறந்தது இதய ரத்தக்குழாய் நோயாலும் பக்கவாதத்தாலும். நுரையீரல் நோய்களெல்லாம் மிச்சத்தில்தான் வருகின்றன.

அவருக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்லுங்கள். மூச்சில் போகும் துகள் ரத்தத்துக்குள் இறங்குகிறதா என்று பார்க்க எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கம் எதற்கு? உடம்புக்குள் பெரிதாக எந்த வினையும் செய்யாது, தேடினால் தெளிவாக அகப்படும். மிக நுண்ணிய தங்கத் துகள்களைத் தன்னார்வலர்கள் சுவாசித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் இருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் செய்யவிருந்த சிலரும் இதே தங்கத்தைச் சுவாசித்திருந்தார்கள். வெட்டியெடுத்த கொழுப்புப் படிவைப் பார்த்தால், அதற்குள்ளும் தங்கம்! 2017இல் வெளியான முடிவு இது. எங்கே ஏற்கெனவே புண்ணாகி வீங்கியிருக்கிறதோ, அங்கே போய்த்தான் துகள் தங்குகிறது. ஸ்டென்ட் வைத்த ஒருவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பி.எம். 2.5 என்று செய்திகளில் வருகிறதே, அது 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபத்தைந்து, முப்பது துகள்களை வரிசையாக வைக்கலாம். மூக்கு முடியும் சளியும் பெரிய தூசியைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், அதுதான் தும்மலும் இருமலும். இந்தச் சின்னத் துகள் அதற்கெல்லாம் சிக்காமல் நேராகக் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. அதனால் இருமல் வரவில்லை என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது.

காற்றறையில் தங்கும் துகளை உடம்பு ஒரு கிருமியைப் போல நினைத்து அழற்சியைக் கிளப்புகிறது. அந்தச் செய்தி ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போக, அது ரத்தம் உறையத் துணைபோகும் புரதங்களை அதிகம் சுரக்கிறது. இன்னொரு பக்கம் நரம்புகள் வழியாக இதயத்துடிப்பின் சீரும் ரத்த அழுத்தமும் மாறுகின்றன. மிக நுண்ணிய துகள்களோ தங்கம் போன வழியிலேயே ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. ரத்தம் போகாத உறுப்பு எது? கர்ப்பிணிகளின் நச்சுக்கொடியில், அதுவும் குழந்தைப் பக்கத்திலேயே, கரித்துகள்களை 2019இல் பெல்ஜியத்தில் கண்டார்கள். மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசை 2020இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு சேர்த்தது. சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு தெரிகிறது.

சரி, நடையை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. லண்டனில் 60 வயது தாண்டியவர்களை, அவர்களில் இதய நோயாளிகளும் உண்டு, ஒரு நாள் ஹைட் பூங்காவிலும் இன்னொரு நாள் டீசல் வண்டிகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். பூங்கா நடையில் நுரையீரலுக்கும் ரத்தக்குழாய்களுக்கும் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி, தெரு நடையில் கிடைக்கவில்லை. அதே கால், அதே நேரம், அதே வியர்வை!

ஆகவே பாதையை மாற்றினால் போதும். வண்டிப் புகையின் அடர்த்தி சாலையை விட்டு விலக விலக வேகமாகக் குறையும். 200, 300 மீட்டர் உள்ளே தள்ளி நடந்தாலே பெரிய வித்தியாசம். குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்ப வேண்டாம், குளிர்ந்த காற்று மாசைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கும். கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு போகட்டும். காற்றுத் தரக் குறியீடு மோசமாக இருக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆனால் அதைப் போட்டு நடக்க மூச்சு திணறினால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்று, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

முதல் ஒரு வாரம் நீங்களும் கூடவே போய்வாருங்கள். பழகிய பாதையை மாற்றச் சொன்னால் நடையையே விட்டுவிடும் ஆட்கள் உண்டு.