ஒலிம்பிக் போன்ற பன்னாட்டுப் போட்டிகளில் அறிமுகமான புதுமைகளில் எது முக்கியமானது?

வினாடி வினாவுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் 1936 பெர்லின் சுடர் ஓட்டம் என்று எழுதிவிட்டுப் போங்கள், மதிப்பெண் கிடைக்கும். என் ஓட்டு நீச்சல் குளச் சுவரில் தொங்கும் டச்பேடுக்குத்தான்; நீந்தி வருபவர் கையால் அழுத்தியதும் கடிகாரத்தைத் தானே நிறுத்தும் பலகை அது. அதையும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய ஆண்டே கனடாவின் வின்னிபெக்கில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் ஒமேகா கடிகார நிறுவனம் அதை இறக்கிவிட்டது.

அதற்கு முன் என்ன கூத்து நடந்தது தெரியுமா? 1960 ரோம், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதி. லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்கள் காட்டியது 55.0, 55.1, 55.1. ஜான் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. ஆனால் தங்கம் டெவிட்டுக்கு! கண்ணால் பார்த்த நடுவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய்ந்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றிவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பள்ளி நாட்களில் ஒரு போட்டியில் என் பாதைக்கு ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச். பிடித்திருந்தவருக்குப் பக்கத்து ஆளோடு அரட்டை. நான் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அடுத்த பாதைப் பையன் அப்போதுதான் கையை நீட்டுகிறான். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய பிறகுதான் தலைக்கு மேலே பொத்தான் அமுங்கும் சத்தம். அவன் முதல், நான் இரண்டாவது. பயிற்சியாளர் போய்க் கேட்டதற்கு, "வாட்ச் காட்டுறதுதான் சார் நேரம்" என்றார்கள்.

தோற்றவன் புலம்பல் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். டச்பேடுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. லேசாகத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். 1972 மியூனிக்கில் 0.002 வினாடி வித்தியாசத்தில் தங்கம் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு எல்லாப் பாதையையும் மில்லிமீட்டர் பிசகாமல் கட்ட முடியாதே! அப்புறம் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் கேரி ஸ்டைன்சைஃபர், நான்சி ஹாக்ஸ்ஹெட் இருவருக்கும் 55.92. இருவருக்கும் தங்கம். தலைமை நடுவரைக் கூப்பிடும் வேலையே இல்லை.