வானப்படப் போட்டி: யாரை யாரோடு நிறுத்துவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் இணையக் குழுவில் மாதம் ஒருமுறை வானப்படப் போட்டி வைக்கிறார்கள். நான் மொட்டைமாடியில் 60 மி.மீ. தொலைநோக்கியும் பழைய கமராவும் வைத்து எடுக்கிறேன். ஆறு மாதமாக முதலிடம் முழுவதும் சிலி நாட்டில் இருக்கும் பெரிய தொலைநோக்கியை இணையவழி வாடகைக்கு எடுப்பவர்களுக்கே போகிறது. இதில் நியாயம் உண்டா? (நிலாவெளி வாசகர்)

பதில்: இரண்டு படங்களையும் ஒரே வரிசையில் வைத்துப் புள்ளி போட்டால் நியாயம் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொலைநோக்கி சேர்க்கும் ஒளி, அதன் முகப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். வாடகைத் தொலைநோக்கி 500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், உங்கள் 60 மி.மீ.க்கும் அதற்கும் இடையில் அது ஏறத்தாழ 69 மடங்கு. அடுத்தது வானம். வானப் பின்னணியின் வெளிச்சத்தை ஒரு சதுர ஆர்க்செக்கனுக்கு (ஆர்க்செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) இத்தனை மாக்னிடியூட் என்று அளப்பார்கள். எண் கூடினால் இருட்டுக் கூடும், ஒரு மாக்னிடியூட் என்பது 2.5 மடங்கு. உங்கள் மாடியில் 19.3, அங்கே 21.8 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 10 மடங்கு. மங்கலான நெபுலா (விண்முகில்) ஒன்றை அதே தெளிவோடு எடுக்க வேண்டிய நேரம் இந்த இரண்டின் பெருக்கம், அதாவது 690 மடங்கு. அவர் 2 மணி நேரம் எடுத்த படத்துக்கு நீங்கள் 1,380 மணி நேரம் எடுக்க வேண்டும். இரவுக்கு 6 மணி நேரம் என்றாலும் 230 தெளிந்த இரவுகள்! சென்சரும், ஒரு பிக்சல் பார்க்கும் வானப்பரப்பும் இருவருக்கும் ஒன்று என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அவை மாறினால் எண்ணும் மாறும், ஆனால் இடைவெளி மறைந்துவிடாது.

வாடகைக்கு எடுத்தவர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் அல்ல. எந்தப் பொருளை, எந்த வடிகட்டியில், எத்தனை மணி நேரம் எடுப்பது என்று தீர்மானிப்பதும், வந்த தரவைப் பதப்படுத்துவதும் உண்மையான திறமைதான். ஆனால் மவுண்டை (வானத்தின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியை) வானத்துருவத்துக்கு நேராக்குவது, இரவில் குளிர் இறங்க இறங்கக் குவியத்தைத் திருத்துவது, கடற்காற்றில் லென்ஸில் படியும் உப்பைத் துடைப்பது எல்லாம் உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு வேறு வேலைகளுக்கு வேறு வேறு பிரிவு வேண்டும். சொந்தக் கருவியைத் தானே நிறுத்தி எடுத்தது ஒன்று. தூரத்திலிருந்து இயக்கியது, வாடகையோ சொந்தமோ, இரண்டாவது. பிறர் எடுத்த தரவைப் பதப்படுத்தியது மூன்றாவது. கிறீனிச் அரச வானியல் நிலையம் 2009 முதல் நடத்திவரும் போட்டியில்கூட, பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டு செய்யும் படங்களுக்கு அங்கே பணியாற்றிய வானியலாளர் ஆனி மாண்டர் பெயரில் தனிப் பரிசு இருக்கிறது. உங்கள் குழு நிர்வாகிகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்தக் கருவி, மொத்தம் எத்தனை மணி நேரம், தரவை எடுத்தவர் யார். இந்த நான்கும் நிரப்பாத படம் போட்டிக்கு வரக்கூடாது. அந்த மூன்றுக்கு மேல் பிரிவுகளைப் பெருக்க வேண்டாம். நாற்பது பேர் உள்ள குழுவில் பத்துப் பிரிவு வைத்தால் எல்லோருக்கும் பரிசு கிடைக்கும், அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு இன்னொன்று. சிறிய கலக்சிகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டு அகன்ற காட்சிக்கு வாருங்கள். மார்ச் தொடக்கத்தில் பால்வீதியின் மையம் பின்னிரவு ஒன்றரை மணியளவில் கடலிலிருந்து எழுகிறது. திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் நின்றால் மூன்று மணியளவில் அது தென்கிழக்கே, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் பக்கம் நிற்கும். அந்தக் காட்சியை எந்த வாடகைத் தொலைநோக்கியாலும் எடுக்க முடியாது.

கேள்வி: ஒருவர் போடும் படங்கள் நம்ப முடியாத அளவு சுத்தமாக இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று எங்களுக்குச் சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (கிண்ணியா)

பதில்: முதலில் எதை மறுக்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள். படத்தைக் கூர்மையாக்கும் பிளர்எக்ஸ்டேர்மினேட்டர், நட்சத்திரங்களைப் பிரித்தெடுக்கும் ஸ்டார்நெட் போன்ற மென்பொருள்களும் பயிற்றப்பட்ட வலைப்பின்னல்கள்தான். பலரும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். படத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைக் கூர்மையாக்கும் கருவிகளை, பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். இல்லாததை வரையும் கருவிகளுக்கு இடமில்லை. விதியை இப்படி எழுதிவைக்காமல் ஒருவரைக் குற்றம் சொல்வது சரியல்ல.

பிறகு சோதனை. வானப்படம் என்பது பல தனிப்படங்களை அடுக்கி ஒன்றாக்கியது. அடுக்குவதற்கு முந்திய தனிப்படங்களைக் கேளுங்கள், ஆனால் எது என்பதை நடுவரே சொல்ல வேண்டும்: ‘37ஆவதும் 92ஆவதும் அனுப்புங்கள்.’ நிஜமாக எடுத்தவரிடம் அவை இருக்கும். அவற்றில் செயற்கைக்கோள் கோடு, சூடான பிக்சல் (ஒளி விழாமலே ஒளிரும் புள்ளி), ஒரு படத்துக்கும் மற்றதற்கும் இடையே நட்சத்திரங்கள் சற்று நகர்ந்திருப்பது எல்லாம் தெரியும். வானப்படக் கமராக்கள் பதியும் ஃபிட்ஸ் வகைக் கோப்பின் தலைப்பில் எடுத்த நேரம், எக்ஸ்போஷர், சென்சரின் வெப்பநிலை பதிவாகியிருக்கும். அது வெறும் எழுத்து, மாற்ற முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. படத்தை அஸ்ட்ரோமெட்ரி டொட் நெட்டில் ஏற்றினால் நட்சத்திர அமைப்பை வைத்து அது வானத்தில் எந்த இடம், ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செக்கன் என்று சொல்லிவிடும். எடுத்தவர் சொன்ன கருவிக்கும் அது பொருந்த வேண்டும். சூத்திரம் எளிது: 206.265 ஐ பிக்சலின் மைக்ரோமீற்றர் அளவால் பெருக்கி, குவியத்தூரத்தின் மில்லிமீற்றரால் வகுக்க வேண்டும். 3.76 மைக்ரோமீற்றர் பிக்சல், 400 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கி என்றால் 1.94 வரும். படம் 0.8 என்று காட்டினால் வேறு கருவியின் தரவு கலந்திருக்கலாம். ஆனால் அவர் படத்தின் அளவைப் பெருப்பித்திருந்தாலும் எண் குறையும். எனவே அளவு மாற்றாத கோப்பில்தான் இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக, அடுக்கிய மூலப்படத்தையும் முடிந்த படத்தையும் ஒரே அளவாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாறி மாறிப் பாருங்கள். மூலத்தில் சாடையாகக்கூட இல்லாத இழைகள் முடிவில் இருந்தால் கேள்வி கேட்கலாம். கூர்மையாக்கும் கருவி அளவு மீறும்போது சிறு கலக்சி நட்சத்திரமாக உருண்டுவிடும், இரட்டை நட்சத்திரம் ஒன்றாகிவிடும். இவை பெரும்பாலும் ஏமாற்று அல்ல, கை மீறியது. இரண்டுக்கும் தண்டனை ஒன்றாக இருக்கக் கூடாது.

கைத்தொலைபேசி நிலாப் படம் என்றால் வேறு வழி. சில தொலைபேசிகள் நிலாவை அடையாளம் கண்டு, பள்ளங்களைத் தாமே தெளிவாக்கிவிடுகின்றன. கணினித் திரையில் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தை இருட்டறையில் வைத்து, எட்ட நின்று அதே தொலைபேசியால் எடுத்துப் பாருங்கள். பள்ளங்கள் தெளிவாக வந்தால் அவை தொலைபேசி சேர்த்தவை.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த விபரங்கள் அழிந்து, தரமும் குறைந்துவிடும். விபரம் இல்லை என்பதற்காக ஒருவரைப் பிடிக்கும் முன், ‘டொக்யூமென்ட்’ ஆக மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். விளக்கம் கேட்பது தனிச்செய்தியில் இருக்கட்டும். குழுவில் எழுதிய குற்றச்சாட்டைப் பிறகு யாரும் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: கோணேசர் கோயிலுக்கு மேல் பெரிய பிறைநிலா நிற்கும் படம் ஒன்று பரிசு பெற்றது. ஒட்டியது என்று சிலர் சொல்கிறார்கள். (மூதூர்)

பதில்: அந்தப் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே அளக்கலாம். நிலாவின் அகலம் வானத்தில் அரைப் பாகை. 10 மீற்றர் உயரமான கட்டடம் நிலா அளவுக்குத் தெரிய வேண்டுமானால் அதிலிருந்து ஏறத்தாழ 1,150 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்த கோபுரத்தை விழுங்குமளவு நிலா வராது. சென்சரில் விழும் நிலாவின் அளவு, குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸில் அது 0.2 மி.மீ.தான். சாதாரண ஏபிஎஸ்-சி கமராவின் (சென்சர் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம்) 6,000 பிக்சல் அகலப் படத்தில் 55 பிக்சல் அளவு.

இன்னும் எளிதான அடையாளம் பிறையின் கிடை. நாம் 8.5 பாகை வடக்கில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மாலை வானில் மூன்றாம் பிறை இங்கே தோணி போலப் படுத்திருக்கும், பக்கவாட்டில் சற்றுச் சாயலாம். அடிவானத்துக்கு அருகில் நிமிர்ந்து நிற்கும் பிறை, தூர வடக்கிலிருந்தோ தூரத் தெற்கிலிருந்தோ வந்திருக்கும். பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரிந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. ஒட்டுப்படமும் கலைதான். அதைச் சொல்லி, அதற்கென்று பிரிவு இருந்தால் அங்கே போடட்டும்.

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து மாவட்ட அளவில் இணையவழிப் போட்டி நடத்த விரும்புகிறோம். எப்படி நடத்தினால் புகார் வராது? (திருகோணமலை நகரம்)

பதில்: மாதத்தைத் தேர்வதில்தான் முதல் அநீதி நுழைகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது வைத்தால் பழைய படம் கையில் உள்ளவர்தான் வெல்வார். மே முதல் ஓகஸ்ட் வரை வானம் திறந்திருந்தாலும் கச்சான் காற்றில் இலேசான முக்காலிகள் ஆடும், கனமான மவுண்ட் வைத்திருப்பவருக்கு அது சாதகம். மார்ச், ஏப்ரல் அமாவாசை வாரங்கள் நல்லவை. அந்த நாட்களுக்குள் எடுத்த படம் மட்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது பொருள். மார்ச் கடைசியில் இரவு பத்தரை மணியளவில் கரீனா நெபுலா தெற்கே உச்சிக்கு வரும், ஆனால் உயரம் 22 பாகைதான். சம்பூரில் இருப்பவருக்கு அந்தத் தெற்கு இருட்டு. உப்புவெளியில் இருப்பவர் அதே நெபுலாவை நகரத்து வெளிச்சத்துக்கு மேலாகப் பார்க்க வேண்டும். ஒரே மாவட்டத்திலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. எனவே கட்டாயப் பொருளாகத் தென்வானத்தைக் கொடுக்க வேண்டாம். ஓரியன் நெபுலா போல 76 பாகை உயரம் ஏறுவதைக் கொடுங்கள். மார்ச்சில் இருட்டிய கையோடு எடுத்துவிட வேண்டும், பிந்தினால் மேற்கே இறங்கிவிடும்.

கருவி வித்தியாசத்தை முற்றாக நீக்க ஒரு வழி உண்டு: எல்லோருக்கும் ஒரே தரவைக் கொடுத்துப் பதப்படுத்தச் சொல்வது. 120 மூலப்படங்கள், ஒவ்வொன்றும் 25 மெகாபைட் என்றால் 3 கிகாபைட். டேட்டா வாங்கிப் பாவிக்கும் மாணவருக்கு அது பாரம். டார்க் (சென்சர் வெப்பத்தால் வரும் புள்ளிகளை நீக்குவது), பிளாட் (ஓர இருட்டையும் தூசித் தடத்தையும் நீக்குவது) திருத்தங்கள் செய்து அடுக்கிய ஒரே கோப்பாகக் கொடுத்தால் 24 மெகாபிக்சல், மூன்று நிறம், 32 பிட் எனக் கணக்கிட 288 மெகாபைட்டில் முடியும். பாதி அளவுக்கு வெட்டியும் கொடுக்கலாம்.

மதிப்பிடும்போது பெயர், கையொப்பம், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் நீக்கி எண் இடுங்கள். எல்லாப் படமும் நீளப்பக்கம் 2,000 பிக்சலில் இருக்கட்டும். நடுவர்கள் கணினித் திரையில் பார்க்க வேண்டும். தொலைபேசியின் சிறு திரை, படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சலை மறைத்துவிடும். மூன்று நடுவர் தனித்தனியே மதிப்பிடட்டும். அவர்களின் புள்ளிகளைக் கூட்டாதீர்கள், தரவரிசையைக் கூட்டுங்கள். ஒருவர் 40 முதல் 95 வரை போடுவார், இன்னொருவர் 70க்கும் 80க்கும் இடையிலேயே நிற்பார். கூட்டினால் முதலாமவர் மட்டுமே முடிவு செய்தவர் ஆகிவிடுவார். தன் மாணவர், உறவினர் படம் வந்தால் அந்த நடுவர் விலக வேண்டும். விருப்பக்குறியை எண்ணிப் பரிசு கொடுப்பதை நாங்கள் ஏற்கவே மாட்டோம். எத்தனை நண்பர்கள், எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத்தான் அது அளக்கிறது.

கேள்வி: துருவ நட்சத்திரம் எங்கள் வளவில் தென்னைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதைப் பார்த்து மவுண்டை நேராக்க முடியாமல், படத்தில் நட்சத்திரம் கோடாக வருவதால் முதல் சுற்றிலேயே விலக்குகிறார்கள். (குச்சவெளி)

பதில்: இங்கே அது 8.5 பாகை உயரம்தான், தென்னை இல்லாவிட்டாலும் அடிவான மூட்டத்தில் மறையும். கமராவையும் மவுண்டையும் இயக்கும் நைனா மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீராக்கல் என்ற இணைப்பு உண்டு. வானத்தின் வேறு பகுதியில் மூன்று படம் எடுத்தே பிழையைச் சொல்லிவிடும். மடிக்கணினியும் கமரா இணைப்பும் வேண்டும். மவுண்டில் மோட்டார் இல்லாவிட்டால் நீங்களே கையால் திருப்பலாம். அது முடியாவிட்டால் ட்ராக்கரை (கமராவை வானத்தோடு திருப்பும் சிறு மவுண்டை) விட்டுவிட்டு, 500ஐ குவியத்தூரத்தால் வகுத்த செக்கன்களுக்குள் நில்லுங்கள். 18 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி சென்சர் என்றால் முதலில் 18ஐ 1.5ஆல் பெருக்கி 27 ஆக்க வேண்டும், 500ஐ அதால் வகுத்தால் 18 செக்கன். பிக்சல் சிறிய கமராக்களில் இதுவும் அதிகம், 10 செக்கனில் நிறையப் படங்கள் எடுத்து அடுக்குங்கள்.

கேள்வி: அண்ணா எடுத்த தரவை நான் பதப்படுத்தினேன். யார் பெயரில் அனுப்புவது? (கந்தளாய்)

பதில்: இருவர் பெயரிலும். ‘தரவு: அண்ணா, பதப்படுத்தல்: நான்’ என்று படத்தின் கீழேயே எழுதி, பிறர் தரவுப் பிரிவில் போடுங்கள். அனுப்பும் முன் அண்ணாவிடம் கேட்டுவிடுங்கள். அதே தரவை அவர் தன் பெயரில் முதற்பிரிவுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அந்த மாதம் நீங்கள் வேறு படத்தைத்தான் எடுக்க வேண்டும்.