வரையத் தெரியாத மகள் ஹியூமன் ஃபேக்டர்ஸ் துறைக்குப் போகலாமா?

உளவியல் இறுதியாண்டு படிக்கும் மகளுக்கு ஹியூமன் ஃபேக்டர்ஸில், அதாவது கருவிகளையும் செயலிகளையும் மனிதரின் இயல்புக்கு ஏற்ப அமைக்கும் துறையில், ஆசை. படம் வரைய வராது, கோடிங்கும் தெரியாது, யார் வேலை கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை. இங்கே முக்கிய வேலை வரைவதே இல்லை. ஒரு செயலியையோ கருவியையோ பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்பதை ஆதாரத்தோடு காட்டுவதுதான் வேலை. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு இறக்கைத் தகட்டுக்கு (ஃபிளாப்) பதிலாகச் சக்கரத்தை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு விசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே காரணம் என்று கண்டுபிடித்த அல்ஃபோன்ஸ் சபானிஸ் ஓர் உளவியலாளர்தான்.

இப்போது உங்கள் மகள் செய்ய வேண்டியது, ஒரே ஒரு மதிப்பீட்டை முழுமையாக நடத்திப் பார்ப்பது. பத்துச் சான்றிதழ்களைவிட அது பேசும். பயணச்சீட்டுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் பணிப் பகுப்பாய்வு: சீட்டை ரத்து செய்வது என்ற ஒரு வேலையைப் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் பயனர் எதைப் பார்க்க வேண்டும், எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

அடுத்து ஐந்தாறு பேரை வைத்து யூசபிலிட்டி டெஸ்ட், அதாவது அவர்களைச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லிக் கவனிக்கும் சோதனை. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். திரையில் 'ரத்து செய்' என்ற பொத்தான் இருக்கும்போது "சீட்டை ரத்து செய்யுங்கள்" என்று பணி கொடுத்தால், சோதனைக்கு வந்தவர் அந்தச் சொல்லைத் தேடிப்பிடித்து அழுத்திவிடுவார். "பயணம் நின்றுபோச்சு, பணம் திரும்ப வேண்டும்" என்று சூழலைச் சொல்ல வேண்டும். "இதை அழுத்தலாமா?" என்று அவர் கேட்டால் தலையாட்டக் கூடாது, "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, அதே அமர்வில் நேரத்தையும் அளப்பது தவறு. பேச்சு வேகத்தை மாற்றிவிடும். வகுப்புத் தோழிகளை மட்டும் உட்காரவைத்தால், படிக்கக் கண்ணாடி தேவைப்படுபவரின் சிக்கல் கண்ணிலேயே படாது. எல்லோரையும் அழைப்பதற்கு முன் ஒருவரை வைத்து ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

ஐந்து பேர் போதும் என்று மகள் பல இடங்களில் படிப்பார். பரவலான சிக்கல்களுக்கு அது சரி. பத்தில் ஒருவருக்கு மட்டுமே வரும் சிக்கல் ஐந்து பேரில் ஒருமுறையாவது தலைகாட்ட வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். மருத்துவக் கருவிகளின் இறுதிச் சரிபார்ப்புக்கு ஒவ்வொரு பயனர் குழுவிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வழிகாட்டுவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் எஸ்யூஎஸ் (System Usability Scale) கேள்வித்தாள்: பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்கும் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-லிருந்து அந்த மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு வரும். அது சதவீதம் அல்ல. பல ஆய்வுகளில் கிடைத்த சராசரி 68-ஐ ஒட்டி இருக்கும். 70 வந்தால் 'எழுபது சதவீதம் நன்று' என்று எழுதிவிடுகிறார்கள், நேர்காணலில் அது உடனே பிடிபடும். எங்கே சிக்கல் என்பதையும் இந்த எண் சொல்லாது.

வேலை தேடும்போது காட்டும் பணித் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் செயலித் திரைகளின் இருபது படங்கள் தேவையில்லை. மூன்று சிக்கல்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேரில் எத்தனை பேர் தடுமாறினார்கள், கண்ணால் கண்டது என்ன, அதிலிருந்து ஊகித்த காரணம் என்ன, எதை மாற்ற வேண்டும் என்று தனித்தனியே இருக்கட்டும். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுபவரைத்தான் குழுக்கள் நம்பி எடுக்கும்.

முதுநிலைப் படிப்பு தேடும்போது எர்கோனாமிக்ஸ் (பணிச்சூழலியல்), மனித-கணினி ஊடாட்டம், அறிவாற்றல் அறிவியல் என்று பெயர்கள் மாறும். பெயரைப் பார்க்காதீர்கள். முதல் ஆண்டிலேயே உண்மையான பயனர்களை வைத்துச் சோதனை நடத்தவைக்கிறார்களா, புள்ளியியல் கட்டாயப் பாடமா என்று சேர்க்கைக்கு முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.